நாலாவது கிடக்கட்டும்

வாழைச்சேனையில், கடதாசி ஆலைப் பக்கம் போகும் தெருவில் அவனுடைய கராஜ் இருந்தது. பலகையில் எழுதியிருந்த தொலைபேசி இலக்கத்துக்குக் கடைசி எண் கிடையாது. ஒன்பது எண்களைச் சிவப்பில் அழகாக எழுதி, கறுப்பில் நிழலும் கொடுத்து, பத்தாவதுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். பெயின்ற் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, அரை டின் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினான். அப்படியென்றால் ஏன் எழுதவில்லை என்றேன்.

"அது கிடக்கட்டும் சேர். வேணுமெண்டவன் நேர வருவான்தானே."

நான் வந்தாறுமூலைக் கம்பஸில் முப்பது வருடம் ஆய்வுகூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்து மில்லிலீற்றர் என்றால் எனக்குப் பத்துத்தான். ஒன்பதரையைப் பார்த்தால் காய்ச்சல் வந்துவிடும். நான் செத்தால்கூடப் பெட்டியில் எத்தனை ஆணி அடித்திருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று என் மனிசி சொல்வாள். எனக்கும் அவனுக்கும் எப்படிப் பொருந்தும்? பொருந்தவேயில்லை. ஆனாலும் அந்த ஒரு வருடத்தில் நான் அதிகம் பேசியது அவனோடுதான். அதிகம் கோபித்ததும் அவனோடுதான்.

அவன் எதையும் முழுதாக முடிக்கமாட்டான். இதைக் குறை என்று சொல்வதா குணம் என்று சொல்வதா என்று நாலு வருடம் கழிந்தும் எனக்கு விளங்கவில்லை. ஆட்டோ எஞ்சினைப் பிரித்து, கழுவி, புத்தம் புதிதாகப் பூட்டிக் கொடுப்பான். அந்த ஆட்டோவின் பின்விளக்கு மூடியில் ஒரு திருகாணி குறைந்திருக்கும். உழவு மெசினுக்கு நிறம் அடிப்பான். ஒரு மட்காட்டின் உட்பக்கம் மட்டும் பழைய நிறத்திலேயே கிடக்கும். தேத்தண்ணீர் குடித்தால் கோப்பையில் ஒரு மிடறு மிஞ்சும். அவனுடைய சேர்ட்டில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் எப்போதும் திறந்திருந்தது. முதலாவது திறந்திருந்தால் காற்றுக்கு என்று நினைக்கலாம். மூன்றாவதை யார் திறந்து விடுவார்கள்?

ஊரில் விசாரித்தேன். ஆட்கள் திரும்பி வரவேண்டும் என்பதற்காகச் செய்கிற தந்திரம் என்றார் பக்கத்து டயர் கடைக்காரர். ஆனால் திரும்பி வந்தவர்களிடமும் அவன் அந்தத் திருகாணியைப் போட்டுக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அது கோயிலில் வைத்த நேர்த்தி என்றாள் தேத்தண்ணீர்க் கடைக்காரி. எந்தக் கோயில் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. மீன் வியாபாரி ஒருவர் சொன்ன கதை வேறு. அவன் ஒருதரம் வீட்டை முழுதாகக் கட்டி முடித்தானாம், அந்த மாரியிலேயே வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டதாம், அதிலிருந்துதான் இப்படியாம். எனக்கு மனம் இளகிவிட்டது. அடுத்த முறை கண்டபோது வீடு போனதைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். அவன் விழித்தான். "வீடு இன்னும் கட்டி முடியல்லயே சேர்" என்றான்.

எல்லாம் சிரிப்பதற்குரிய விஷயமும் அல்ல. துறைமுகத்து ஆள் ஒருவருடைய வள்ளத்தை இழுக்கிற ட்ரொலியைத் திருத்திக் கொடுத்தபோது, பின்பக்கத்துச் சங்கிலியை மாட்டாமல் விட்டிருந்தான். வள்ளம் நடுத்தெருவில் சறுக்கி விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை, எஞ்சினில் தண்ணீரைத் தள்ளும் காற்றாடி மட்டும் உடைந்தது. வேண்டுமென்று விட்டானா, மறந்து விட்டானா? மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல், காசு வாங்காமல், அதைச் சரிசெய்து கொடுத்தான். சரிசெய்த வள்ளத்தைப் போய்ப் பார்த்தேன். காற்றாடி மூடியில் ஒரு திருகாணி இல்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் என் தங்கச்சியின் முதுகெலும்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தங்கச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து பதினொரு வருடமாகியிருந்தது. மல்லாந்துதான் கிடப்பாள். கழுத்தும் அதிகம் திரும்பாது. கண்ணுக்கு நேரே சீலிங், சீலிங்கில் ஃபேன், அவ்வளவுதான் அவளுடைய உலகம். விழுவதற்கு முன் மாங்கேணியில் முன்பள்ளி ரீச்சராக இருந்தவள். பிள்ளைகளை வரிசையாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போவாளாம். அந்த இடத்துக்கு ஒருதரம் போகவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் அம்புலன்ஸ் பிடிக்கலாம் என்றால் முகத்தைச் சுளிப்பாள். "அதில ஏறினா அது ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் அண்ணன்" என்பாள்.

அந்த நேரத்தில்தான் றோட்டு வேலைக்கு வந்த ஒரு கொம்பனி, வேலை முடிந்து போகும்போது விட்டுச்சென்ற வீட்டு ட்ரெய்லர் ஒன்று ஏலத்துக்கு வந்தது. உள்ளே ஓர் அறை, சின்னக் குசினி, கட்டில், ஜன்னல். நாலு சில்லு. முன்பக்கம் கழுத்துப்போல உயர்ந்து லொறியின் முதுகில், ஒரு வட்டத் தட்டில் வந்து உட்காரும். கடதாசியில் அந்தத் தட்டை ஐந்தாம் சில்லு என்று எழுதியிருந்ததால் எங்கள் தெருவில் இரண்டு பேர் குனிந்து அடியில் தேடினார்கள். பழைய லொறி ஒன்றை வாங்கி, பின் பெட்டியைக் கழற்றி, தட்டைப் பூட்டினேன். தங்கச்சியைக் கட்டிலோடு பட்டி போட்டுக் கட்டினோம். மனிசி பக்கத்தில் இருந்தாள். நான் லொறி ஓட்டினேன்.

மாங்கேணிக்கு என்று வெளிக்கிட்டவர்கள் சித்தாண்டிகூடத் தாண்டவில்லை. தங்கச்சிக்குக் குலுக்கம் தாங்காமல் திரும்பி வந்தோம். கதவைத் திறந்தபோது தங்கச்சி உதட்டைக் கடித்து இரத்தம் வந்திருந்தது. நான் அன்று சாப்பிடவில்லை. பின்னேரம் அவளே கூப்பிட்டுச் சொன்னாள், இன்னும் ஒருதரம் வருவாளாம், அதுவும் நொந்தால் பிறகு இந்தக் கதையை எடுக்கக்கூடாதாம்.

ஆகவே எனக்கு இருந்தது ஒரே ஒரு தரம். இணையத்தில் தேடி, ட்ரெய்லரின் அடிப்பாகத்தில் மாற்றவேண்டிய ஐந்து விஷயங்களை இலக்கம் போட்டு எழுதி அவனிடம் கொடுத்தேன். தடித்த ஸ்பிரிங், ரப்பர் புஷ், ஒவ்வொரு சில்லுக்கும் ஆட்டத்தை அடக்குகிற ஒரு ஷொக் அப்சோபர் என்று எல்லாம் அதில் இருந்தன. அவன் வாசித்தான், மடித்தான், திறந்த பொத்தான் வழியாக உள்ளே செருகினான். "ஓம் சேர்" என்றான். பிறகு கட்டிலை அளக்கவேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்தான். தங்கச்சியோடு பத்து நிமிடம் தனியாகக் கதைத்தான். நான் தேத்தண்ணீர் கொண்டு வந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். கட்டிலை அவன் அளந்ததாகவே தெரியவில்லை.

அடுத்த கிழமை போனால் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி நிலத்தில் போட்டிருந்தான். கூட்டச் சொன்னவன் நான், அவன் கழித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டிரண்டு பட்டை வெளியே கிடந்தன.

"இது றோட்டுக் கொம்பனிக்காரண்ட இரும்புச் சாமானுக்குக் கட்டின ஸ்பிரிங் சேர். அக்காட பாரத்துக்கு இது அசையவே அசையாது" என்றான். பாரம் குறைவென்றால் ஸ்பிரிங்கும் இளகவேண்டும். யோசித்தால் சரிதான். முப்பது வருடம் நிறுத்துக்கொண்டே இருந்தவனுக்கு அது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் விசித்திரம். ஒருநாள் விடிய, எருமைப் பட்டிக்காரர் ஒருவரிடம் ஆறு சட்டி தயிர் வாங்கிக்கொண்டு வந்தான். முதல்நாள் உறைய விட்ட, ஆடை கலையாத தயிர். முன்னால் கட்டில் இருந்த இடத்தில் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு என்று ட்ரெய்லர்த் தரையில் வைத்தான். என்னை லொறியை எடுக்கச் சொல்லிவிட்டு, தான் சட்டிகளுக்கு நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டான். ஓட்டமாவடி வரைக்கும் போய்த் திரும்பினோம். இந்தப் பக்கத்துத் தயிரைப் பஸ்ஸில் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும், குலுங்கினால் அது வெடித்துத் தண்ணீர் விட்டுவிடும். முன்னால் இருந்த சட்டிகளில் பாதி தண்ணீராக நின்றது. பின்னால் இருந்தவையும் வெடித்திருந்தன. நடுச் சட்டிகளில் ஆடைகூடக் கலையவில்லை.

"கட்டில் இரிக்கிற இடம் பிழை சேர். ட்ரெய்லர்ட கழுத்துக்கு மேல படுத்தா லொறிட குலுக்கமெல்லாம் அக்காவுக்குத்தான்" என்றான்.

என்னுடைய ஐந்து விஷயத்தில் கட்டில் இல்லை. அவன் கட்டிலை நடுவுக்குக் கொண்டுவந்து பூட்டினான். வெடித்த தயிரையெல்லாம் சீனி போட்டு நாங்களே சாப்பிட்டோம். அவன் சட்டியில் ஒரு கரண்டி மிஞ்சியிருந்தது. அன்றைக்கு அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவனை எனக்குப் பிடித்துவிட்டது என்று அன்றுதான் தெரிந்தது.

அந்தச் சந்தோஷம் பத்து நாள் நின்றது. ட்ரெய்லரை எடுக்கப் போன காலையில் வழக்கம்போலக் குனிந்து எண்ணினேன். ஷொக் அப்சோபர் மூன்று. வலப்பக்கப் பின் சில்லில் இல்லை. அதைத் தாங்கும் பிடி ஒட்டியிருந்தது, துளை போட்டிருந்தது, துளையில் போல்ட்டும் இருந்தது. போல்ட்டுக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனால் சுற்றி, நூலால் கட்டியும் இருந்தான். நாலாவது ஷொக் மட்டும் அட்டைப் பெட்டிக்குள் புதிதாகக் கிடந்தது.

"தம்பி, நாலாவது?"

"நாலாவது கிடக்கட்டும் சேர். முதல்ல அக்காவைக் கொண்டுபோங்க."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வள்ளத்தை விழுத்தினது போதாதா, என் தங்கச்சியையும் விழுத்தப்போகிறாயா என்று டயர் கடைக்காரருக்கும் கேட்கக் கத்தினேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கையைத் துணியில் துடைத்தான். ஒரு விரலைத் துடைக்காமல் விட்டான்.

"விழமாட்டா" என்றான்.

அன்றே வேறு ஆளைப் பிடித்து நாலாவதைப் பூட்டியிருக்கலாம். ஆனால் மாரி தொடங்கப் பார்த்தது. வீட்டில் தங்கச்சி விடியவே முழுகிச் சாரி உடுத்துக் கிடந்தாள். மனிசி அவளுக்குப் பூவும் வைத்துவிட்டிருந்தாள். அட்டைப் பெட்டியை லொறிக்குள் எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ட்ரெய்லருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவேண்டும் என்பதால், மனிசியின் போனுக்கு எடுத்து என் போனை முன்னால் திறந்தே வைத்திருந்தேன். சித்தாண்டியில் ஒரு மேட்டில் ஏறி இறங்கினேன். போனில் தங்கச்சியின் குரல் வந்தது. "அண்ணன், கோயிலடிதானே?" ஓம் என்றேன். கொஞ்சத்தில் "கிரான் சந்தி" என்றாள். எனக்குப் புதினமாக இருந்தது, மனிசி சொல்லிக்கொடுக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறும்போது "பாலம்" என்று உரத்த குரல் கேட்டது. அதன் பிறகு 'ஆ' என்று ஒரு சத்தம். ஊர்ந்து ஊர்ந்துதான் போனேன்.

மாங்கேணியில் கடலைப் பார்க்க நிறுத்திக் கதவைத் திறந்தேன். தங்கச்சியின் இரண்டு காதுக்குள்ளும் கண்ணீர் இறங்கியிருந்தது. பாலத்திலிருந்தே அழுகிறாள் என்றாள் மனிசி. கழுத்துத் திரும்பாது என்பதால் மனிசி ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, அதற்குள் கடலைக் காட்டினாள். தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே இறங்கி அந்த வெறும் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நொந்துதான் அழுகிறாள் என்று நானே தீர்மானித்துவிட்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தரம் அளக்கிறவன், அதை ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

இன்னொருதரம் போவோமா என்று அவளே கேட்டபோது, எனக்காகப் பொறுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த கிழமை நாலாவதைப் பூட்டுவிக்க வாழைச்சேனைக்குப் போனேன். கராஜ் பூட்டிக் கிடந்தது. பூட்டு ஒரு வளையத்தில் மட்டும் தொங்கியது. ஏறாவூரில் வேறொரு கராஜில் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. அந்தப் பொலித்தீனை அவிழ்த்தபோது போல்ட் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது.

நாலும் பூட்டிய பிறகு தங்கச்சியைக் கொண்டுபோன அந்தப் பயணம் என் வாழ்க்கையில் நான் செய்த ஆகத் திறமான வேலை என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். ட்ரெய்லர் பின்னால் வருகிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு மெத்தென்று வந்தது. வெயிலுக்கு ஜன்னல் சீலையை மூடியிருந்தோம். போனில் ஒரு சத்தமும் இல்லை. சித்தாண்டி போனது, கிரான் போனது, பாலம் போனது. தூங்குகிறாள், நோகவில்லை என்று எனக்குள் பாட்டு வந்தது. மாங்கேணியில் கதவைத் திறந்தேன். கதிரையில் மனிசி வாயைத் திறந்து நித்திரை. தங்கச்சி முழித்திருந்தாள். மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் வெளிக்கிடல்லயா அண்ணன்?"

வந்துவிட்டோம் என்றேன். கடல் சத்தம் கேட்ட பிறகுதான் நம்பினாள். மனிசி எழும்பிக் கண்ணாடியைத் தேடினாள். வேண்டாம் என்றுவிட்டாள் தங்கச்சி. நோகவில்லைதானே என்று கேட்டேன்.

"நோகல்ல. ஒண்டுமே இல்ல. வீட்டிலயும் இதே சீலிங்தான், இதே ஃபேன் சத்தம்தான். முந்தி வரக்குள்ள ஒவ்வொரு மேட்டுக்கும் ட்ரெய்லர் வலப்பக்கம் தலையாட்டும். கோயிலடியில ரெண்டு தரம், பாலத்தில நாலு தரம். எண்ணிக்கொண்டு வந்தன். நான் போறன் எண்டு எனக்குத் தெரிஞ்சிது." பிறகு, "இனி வேணாம் அண்ணன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாமல் அழுவதற்கு எழும்பிப் போகவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றால் அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து, அன்றைக்கு அவன் தனியாக உன்னிடம் என்ன கதைத்தான் என்று கேட்டேன். எந்தப் பக்கம் நோகும் என்று கேட்டானாம். இடப்பக்கம் என்றாளாம். சரிதான், தெரிந்தேதான் வலப்பக்கத்தை விட்டிருக்கிறான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுகா என்ன கேட்டான் என்றேன். தேத்தண்ணீருக்கு எத்தனை கரண்டி சீனி போடுவீர்கள் என்று கேட்டானாம். அதற்குத்தான் சிரித்தார்களாம். சீனிக்கும் ஷொக்குக்கும் என்ன சம்பந்தம்? நான் திரும்பவும் குழம்பிப்போனேன்.

அவனைத் தேடினேன். கட்டாருக்குப் போய்விட்டான் என்றார் டயர் கடைக்காரர். கிளிநொச்சியில் பெண் எடுத்த இடத்தில் இருக்கிறான் என்றாள் தேத்தண்ணீர்க் கடைக்காரி. அவனுக்குக் கலியாணம் நடந்ததே எனக்குத் தெரியாது. பலகை மட்டும் தொங்கியது. ஒன்பது எண்ணையும் எழுதிக்கொண்டு வந்து, கடைசி எண்ணாகச் சைபரிலிருந்து ஒன்பது வரைக்கும் ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தேன். ஒரு கோழிக்கடை, ஒரு ஆசிரியை, சிங்களத்தில் ஏசிய ஒரு வயதானவர், பாவனையில் இல்லாத ஐந்து இலக்கம், பிழையான இலக்கம் என்று மரியாதையாகச் சொன்ன ஒரு பிள்ளை. ஏழு போட்டால் மட்டும் மணி அடிக்கும், எடுக்கமாட்டார்கள். இப்போதும் எப்போதாவது எடுத்துப் பார்ப்பேன். அவன் எடுத்தால் என்ன கேட்பது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. முதலில் மன்னிப்புத்தான் கேட்கவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ட்ரெய்லருக்கு அடியில் படுத்தேன். நாலாவது ஷொக்கை நானே கழற்றினேன். அந்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன். பூட்டுகிற நோக்கம் இல்லையென்றால் அவன் ஏன் கிறீஸ் பூசினான்? பூட்டத்தான் நினைத்தான் என்றால் ஏன் பொலித்தீனால் சுற்றி நூல் கட்டினான்? எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கிறீஸ் பூசி, சுற்றி, கட்டி, துளையிலேயே விட்டேன். ஷொக்கை அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலின் அடியில் வைத்தேன். பிறகு தங்கச்சியிடம் போய், நாலாவதைக் கழற்றிவிட்டேன், இன்னும் ஒரே ஒருதரம் வா என்று கெஞ்சினேன். அவள் சீலிங்கைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். சரி என்றாள்.

கோயிலடி என்றாள். கிரான் சந்தி என்றாள். ஓட்டமாவடிக்குக் கிட்ட வரும்போது, மேடு வருகிறதென்று வழக்கம்போல வேகத்தைக் குறைத்தேன். பாலத்துக்கு இன்னும் ஒரு சில்லும் ஏறவில்லை. அதற்குள் போனில் அவளுடைய குரல் வந்தது.

"அண்ணன், அடுத்தது பாலம். மெதுவா வேணாம், கெதியா எடுங்க."

எடுத்தேன்.